ஜோடி பார்த்துப் பந்தயம்: சேவற்கட்டு முதல் செல்போன் வரை

பதிவு கொஞ்சம் நீளம்தான். லீவு நாளில் நிதானமாகப் படியுங்கள்.

ஒருமுறை ஐபிஎல் நடக்கும்போது பழைய மாணவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "சார், இது சூதாட்டம் இல்லீங்க. எந்த பவுலர்கிட்ட எந்த பேட்ஸ்மேன் தடுமாறுவான்னு பார்த்துத்தானுங்க பணம் போடறோம். இது திறமைன்னு கோர்ட்டே சொல்லிருச்சுங்க." அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்குக் கொஞ்சம் வரலாறு தெரிய வேண்டும்.

எதிரெதிரே நிற்கும் இரண்டு பேரை எடைபோடுவது நமக்குப் புதிதல்ல. குறுந்தொகை 305ஆம் பாடலைப் பாடிய புலவர், குப்பைமேட்டில் சண்டையிடும் கோழியை உவமையாகச் சொன்னதால் குப்பைக் கோழியார் என்றே பெயர் பெற்றார். நம் கொங்கு நாட்டில் சேவற்கட்டு என்றால் அரவக்குறிச்சி பக்கம் பூலாம்வலசுதான் நினைவுக்கு வரும். களத்தில் உயரமும் எடையும் பார்த்து ஜோடி சேர்ப்பார்கள். அதற்கு மேல் பஞ்சபட்சி சாஸ்திரம் ஒன்று உண்டு. வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்று ஐந்து பட்சிகள். ஊண், நடை, அரசு, துயில், சாவு என்று ஐந்து தொழில்கள். வளர்பிறை, தேய்பிறை, கிழமை, ஜாமம் எல்லாம் பார்த்து, இந்த நேரத்தில் எந்தப் பட்சி அரசு, எது சாவு என்று கணிப்பார்கள். சேவலின் நிறத்தை வைத்து அது எந்தப் பட்சி என்று சொல்லிவிடுவார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். எதிர்ப்பக்கத்துக்காரரும் அதே சாஸ்திரத்தைப் பார்த்துவிட்டுத்தான் களத்துக்கு வந்திருப்பார். ஆனாலும் ஜெயிப்பது ஒரு சேவல்தான்.

இந்த ஜோடி பார்க்கும் வித்தை முழுசாக வளர்ந்த இடம் அமெரிக்காவின் பேஸ்பால். அதில் ஒரு ஆட்டத்தின் போக்கைப் பெரும்பாலும் தீர்மானிப்பவர் ஆரம்பத்தில் பந்து வீசுபவர். தினம் தினம் அவரால் வீச முடியாது. அதனால் ஒவ்வொரு அணியும் நாலைந்து பேரை முறைவைத்து இறக்கும். இன்று யார் யாருக்கு எதிராக வீசப்போகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். பந்தயக்காரர்கள் முதலில் பார்ப்பது அந்த இரண்டு பெயர்களைத்தான். இது வெறும் குருட்டு யோகம் இல்லை, உண்மையான அறிவுதான். ஆனால் பந்தயம் வாங்குபவனும் அதே இரண்டு பெயர்களைப் பார்த்துத்தான் விலை வைக்கிறான். நல்ல வீச்சாளர் பக்கம் கட்டினால் கிடைக்கும் லாபம் குறைவு. நீங்கள் கண்டுபிடித்ததாக நினைப்பது ஏற்கனவே விலையில் ஏறிவிட்டது.

போதாததற்குக் கமிஷன் வேறு. இரண்டு பக்கமும் சமபலம் என்றால் அங்கே வழக்கமான விலை, 110 கட்டினால் 100 லாபம். நம் ரூபாயிலேயே கணக்குப் போடுங்கள். 100 ஆட்டத்தில் 52 சரியாகச் சொல்கிறீர்கள் என்று வையுங்கள். பாதிக்கு மேல் சரி, கெட்டிக்காரர்தான்! வரவு 52 × 100 = 5,200 ரூபாய். செலவு 48 × 110 = 5,280 ரூபாய். கெட்டிக்காரருக்கு 80 ரூபாய் நஷ்டம். கை நட்டமில்லாமல் தப்பிக்கவே நூற்றுக்கு 52.4 சரியாக இருக்க வேண்டும்.

கணக்கையும் தாண்டி ஒரு ஆபத்து இருக்கிறது. 1919இல் அமெரிக்க உலகத் தொடரில் சிகாகோ ஒயிட் சாக்ஸ்தான் ஜெயிக்கும் என்று பலரும் நம்பினார்கள். எடி சிகாட், லெஃப்டி வில்லியம்ஸ் என்று அவர்களிடம் இரண்டு சிறந்த வீச்சாளர்கள். அந்த ஆண்டு சிகாட் 29 வெற்றி, வில்லியம்ஸ் 23. ஜோடி பார்த்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சிகாகோ பக்கம் கட்டியிருப்பார்கள். சூதாடிகளோ அந்த இரண்டு பேரையே விலைக்கு வாங்கிவிட்டார்கள். சிகாகோ 5-3 என்று சின்சினாட்டியிடம் தோற்றது. வில்லியம்ஸ் மட்டுமே மூன்று ஆட்டங்களில் தோற்றார். 1921இல் எட்டு வீரர்களுக்கு ஆயுட்காலத் தடை. நாமும் இதைப் பார்த்தவர்கள்தான். 2013 ஐபிஎல் சூதாட்ட விவகாரத்தில் வீரர்கள் கைதானார்கள். அணி நிர்வாகத்தைச் சேர்ந்தவர் பந்தயம் கட்டியதற்காக நம் சென்னை அணியே 2016, 2017 இரண்டு வருடமும் ஆட முடியாமல் போனது.

அப்படியானால் கோர்ட் ஏன் திறமை என்றது? அந்தக் கதை கிண்டியில் தொடங்குகிறது. 1974இல் கலைஞர் ஆட்சியில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. 1986இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. வழக்கு நீண்டு, 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: குதிரையையும் ஜாக்கியையும் எடைபோட்டுக் கட்டுவது பெரும்பாலும் திறமை சார்ந்தது, எனவே சூதாட்டச் சட்டத்தில் வராது. அந்த வாதத்தைத்தான் பின்னாளில் செல்போன் கம்பெனிகள் பிடித்துக்கொண்டன. 2017இல் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றமும் ட்ரீம் லெவன் ஆட்டத்தைத் திறமை என்றது.

கோர்ட் பதில் சொன்னது ஒரு சட்டக் கேள்விக்கு. கட்டுபவன் ஜெயிப்பானா என்று யாரும் அங்கே கேட்கவில்லை. திறமையான ஆட்டத்திலும் எல்லோரும் ஜெயிக்க முடியாது. நூறு பேர் ஆளுக்கு 50 ரூபாய் போட்டால் 5,000. கம்பெனி 750 எடுத்துக்கொள்வதாக வையுங்கள். மிச்சம் 4,250தான் நூறு பேருக்கும் திரும்பி வரும். ஒருவர் ஜெயிக்க வேண்டுமானால் மற்றவர்கள் தோற்றே ஆக வேண்டும்.

2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் இந்த வாதத்துக்கே முற்றுப்புள்ளி வைத்தது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதுவுமே கூடாது என்று சட்டம் வந்தது. 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. பெரிய கம்பெனிகள் பணப்போட்டியை நிறுத்திவிட்டன. ஆனால் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் ரகசியமாக நடத்த ஆள் இருக்கிறது.

நம் ஊரில் வாரச் சம்பளம். சனிக்கிழமை கைக்கு வந்த பணம் ஞாயிறு ராத்திரி மேட்ச் முடியும்போது போய்விட்டால், திங்கட்கிழமை வாடகைக்கும் சீட்டுக்கும் கடன்தான். கடன் வாங்கியவன் விட்டதைப் பிடிக்க மறுபடி கட்டுவான். ஜெயித்தாலும் அது மீன் விழுங்கிய தூண்டில் முள் போன்றது என்று வள்ளுவர் சூது அதிகாரத்தில் சொன்னது இதைத்தான்.

"தொழிலும் சூதாட்டம்தானே சார்" என்று சிலர் கேட்பீர்கள். 2022இல் நூல் விலை ஏறி ஊரே வேலைநிறுத்தம் செய்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தொழிலில் ஆபத்து உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நூல் வாங்கி வைத்தவனுக்கு விலை இறங்கினாலும் நூல் மிஞ்சும், அதைத் துணியாக்கலாம், பனியனாக்கலாம். பந்தயத்தில் தோற்றவனுக்கு என்ன மிஞ்சும்?

பவுலரையும் பேட்ஸ்மேனையும் ஜோடி பார்த்து டீக்கடையில் மணிக்கணக்காகப் பேசுங்கள் கண்ணுகளா. நானும் வருகிறேன். தோற்பவர் டீ வாங்கித் தரட்டும். அதற்கு மேல் வேண்டாம்.