காறை எலும்பும் 3,600 வருட வைத்தியமும்



சென்ற தவணையில் எமது மாணவர் ஒருவர் சைக்கிளில் இருந்து விழுந்து, தோளைப் பிடித்தபடி வந்தார். வீட்டில் எண்ணெய் போட்டு உருவிவிட்டார்கள். மூன்றாம் நாள் விரல்கள் விறைத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். முறிந்திருந்தது காறை எலும்பு. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை இப்போது சுகம். ஆனால் "அந்த எலும்புதானே, தானாக ஒட்டிவிடும்" என்று அன்று எல்லோரும் சொன்னார்கள். ஆசிரியர்களாகிய நாமும் சொன்னோம். அந்தப் பேச்சு எவ்வளவு சரி, எங்கே பிழை என்று தேடிப் பார்த்ததில் கிடைத்ததை இங்கே எழுதுகிறோம்.

கழுத்தின் அடியில் இரு பக்கமும் தடவினால் கைக்குத் தட்டுப்படுவதே காறை எலும்பு. அரபியில் 'தர்குவா'. அதன் பன்மையான 'தராகீ' என்ற சொல் சூரா அல்-கியாமாவின் 26ஆம் வசனத்தில், உயிர் பிரியும் நேரத்தைச் சொல்லும் இடத்தில் வருகிறது. தமிழ் மொழிபெயர்ப்புகளில் அதைத் 'தொண்டைக்குழி' என்று வாசித்திருப்போம். கையை உடம்போடு இணைக்கும் ஒரே எலும்புத் தொடர்பு இதுதான். விழும்போது தோளில் படும் அடி முழுவதையும் இது தாங்குவதால் இலகுவில் முறிகிறது.

இதற்கான வைத்தியம் மிகப் பழையது. 1862 இல் எகிப்தின் லுக்சோர் நகரில் எட்வின் ஸ்மித் என்பவர் ஒரு பப்பைரஸ் சுருளை வாங்கினார். எழுதப்பட்டது கி.மு. 1600 அளவில். அதில் 48 காயங்கள் ஒவ்வொன்றாக விளக்கப்படுகின்றன. 35ஆவது, காறை எலும்பு முறிவு. நோயாளியை மல்லாக்கப் படுக்க வை, தோள்பட்டைகளுக்கு நடுவே மடித்த துணியை வை, இரு தோள்களையும் விரித்து எலும்பை இடத்துக்குக் கொண்டு வா, துணியால் கட்டு, பின்னர் தேன் இடு என்பதே அதன் சாரம்.

கிரேக்கத்தின் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் உள்ள நூல் இன்னொன்றைக் கவனித்தது. முறிந்தவர் முதலில் பதறுவார். நோவு குறைந்ததும், நடக்கவும் சாப்பிடவும் முடிகிறதே என்று அலட்சியமாகி விடுவார். அதற்குள் எலும்பும் விரைவாக ஒட்டிவிடும்.

பின்னர் எமது அறிஞர்களின் காலம். ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்து 1013 இல் மறைந்த அபுல் காசிம் அஸ்-ஸஹ்ராவி, தமது 'அத்-தஸ்ரீஃப்' நூலின் 30ஆவது பகுதியைச் சத்திர சிகிச்சைக்கென ஒதுக்கினார். காறை எலும்புக்குத் தனி அத்தியாயமே உண்டு. உதவியாளர்கள் இழுத்துப் பிடிக்க, வைத்தியர் விரல்களால் எலும்பைச் சமப்படுத்த வேண்டும். தேவையானால் கமக்கட்டில் ஓர் உருண்டையை வைக்க வேண்டும். குத்தும் எலும்புத் துண்டை அகற்றும்போது, உள்ளே இருப்பவை காயப்படாமல் அடியில் ஒரு கருவியை வைத்துக் காக்க வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் இது லத்தீனுக்குப் போய், ஐரோப்பிய வைத்தியர்களின் பாடநூலானது.

அடியில் அப்படி என்ன இருக்கிறது? கைக்குப் போகும் பெரிய இரத்தக்குழாய்கள், நரம்புக் கற்றை, நுரையீரலின் நுனி. 1850 இல் பிரித்தானியாவின் முன்னாள் பிரதமர் ரொபேர்ட் பீல் குதிரையில் இருந்து விழுந்து மூன்றாம் நாள் இறந்தார். முறிந்த காறை எலும்புக்குக் கீழே இரத்தக்குழாய் கிழிந்ததே காரணம் என்று கருதப்படுகிறது. 1702 இல், எமது கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்த காலத்தில், ஒல்லாந்தின் தலைவராகவும் இங்கிலாந்தின் மன்னராகவும் இருந்த மூன்றாம் வில்லியமும் குதிரை இடறி விழுந்து இதே எலும்பை முறித்தார். சில வாரங்களில் நிமோனியாவில் இறந்தார்.

ஆனாலும் தானாக ஒட்டும் என்பது வெறும் பேச்சல்ல. 1960 இல் அமெரிக்க வைத்தியர் சார்ள்ஸ் நீர், சத்திர சிகிச்சை இல்லாமல் பார்க்கப்பட்ட 2,235 பேரில் மூவருக்கே எலும்பு ஒட்டவில்லை என்று எழுதினார். முதுகில் எட்டு வடிவில் கட்டுவதை விட, கையைக் கழுத்தில் தொங்கவிடுவதே நோயாளிக்கு வசதி, பலன் ஒன்றுதான் என்று 1987 இல் ஓர் ஆய்வு காட்டியது. 2007 இல் கனடாவில் 132 பேரிடம் செய்த ஆய்வோ, துண்டுகள் நன்றாக விலகிய முறிவுகளில் தகடு வைத்தவர்களுக்குத் தோள் கூடுதலாகத் தேறியதைக் கண்டது. ஆக, பெரும்பாலானவை ஒட்டும். எல்லாம் ஒரே மாதிரி அல்ல.

அந்தப் பப்பைரஸில் எமக்கு மிகப் பிடித்தது கட்டும் முறை அல்ல. ஒவ்வொரு காயத்திலும் வைத்தியர் முதலில் தடவிப் பார்க்கிறார். பிறகு மூன்றில் ஒரு தீர்ப்பைச் சொல்கிறார்: என்னால் குணமாக்க முடியும், போராடிப் பார்ப்பேன், என்னால் முடியாது. பரிசோதனை முதலில், கட்டு பிறகு. எண்ணெயை முதலில் எடுத்த நாம் தவறவிட்டது அதைத்தான்.

எமது ஊர்ப் பரிசாரிமாரின் கைப்பக்குவத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. எத்தனையோ பேரின் முறிவைச் சுகப்படுத்திய கைகள் அவை. ஆனால் அவர்களிடம் போக விரும்பினாலும், முதலில் ஆஸ்பத்திரியில் ஓர் எக்ஸ்ரே எடுங்கள். பிள்ளை விழுந்தால் உருவ வேண்டாம், இழுக்க வேண்டாம். ஒரு துணியால் கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக் கூட்டிச் செல்லுங்கள். விரல் விறைத்தாலோ, கை குளிர்ந்தாலோ, மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டாலோ, தோலை எலும்பு முட்டி நின்றாலோ ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வருகிறது. பெற்றோர் குழுக்களில் இதைப் பகிர்ந்துவிடுங்கள். அல்லாஹ் எமது பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.