ஒற்றைக் கியர் மாற்றம்

பல கியர் வைத்த பழைய எஃகு ரேஸ் சைக்கிளை, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என இரண்டே பல்சக்கரங்களோடு ஓடும்படி திருத்துவது ஒற்றைக் கியர் மாற்றம். 1970, 80களில் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் செய்யப்பட்ட வண்டிகளே இதற்கு அதிகம் பயன்படுகின்றன. நம்மூர் சாதா சைக்கிள் பிறவியிலேயே ஒற்றைக் கியர்தான். டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலும் 1937 வரை கியர் மாற்றிக்கு அனுமதி இல்லை. அதுவரை மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்துப் பல்சக்கரத்தில் செயினைப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். இக்காலத்தில் இந்த மாற்றத்தை விரிவாக எழுதிப் பரப்பியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் (1944–2008).

கியர் மாற்றியையும் லீவரையும் கேபிளையும் கழற்றுவது சுலபம். பின் பல்சக்கரங்கள் அடுக்கிய பழைய ஃப்ரீவீல்தான் படுத்தும். மிதிக்க மிதிக்க அது ஹப்பின் மரையில் இறுகிக்கொண்டே வந்திருக்கும். அதற்குரிய கழற்றியை வைஸில் கவ்வவிட்டு, சக்கரத்தையே பஸ் ஸ்டியரிங் போலப் பிடித்துத் திருப்ப வேண்டும்.

வண்டி இந்த மாற்றத்துக்குத் தோதானதா என்பதைப் பின் அச்சு உட்காரும் பிளவு சொல்லிவிடும். கியர் மாற்றி போனபின் செயினின் தொய்வை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. பழைய ஃபிரேம்களில் பிளவு படுக்கைவாட்டில் நீண்டிருப்பதால் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து நட்டை முடுக்கினால் போதும். செயினின் நடுவில் அரை அங்குல அசைவு இருக்கலாம். அதற்கும் விறைத்தால் பேரிங் தேயும். பிந்தைய ஃபிரேம்களில் பிளவு செங்குத்தாக இருக்கும். அவற்றில் செயினை இழுத்துப் பிடிக்கக் கப்பி வைத்த கருவியைத் தொங்கவிட வேண்டியிருக்கும். எளிமைக்காகச் செய்கிற வேலையில் இது அவ்வளவு பொருந்தவில்லை.

அடுத்தது செயின் நேராக ஓடுவது. ஐந்தாறு அடுக்கு ஃப்ரீவீலுக்காக அச்சின் வலப்பக்கம் ஸ்பேசர் கூடுதலாக இருக்கும். அதில் ஒரு பகுதியை இடப்பக்கம் மாற்றினால் பல்சக்கரம் வெளியே தள்ளி வந்து முன்னதற்கு நேராக நிற்கும். ஆனால் ரிம் நடுவிலிருந்து விலகிவிடும். ஒருபக்க ஸ்போக்குகளை இறுக்கி மறுபக்கத்தைத் தளர்த்தி நடுவுக்குக் கொண்டுவந்து, கோட்டமும் எடுக்க வேண்டும். இரு பக்க இறுக்கமும் ஏறக்குறைய சமமாவதால் சக்கரம் முன்னைவிட உறுதிப்படும். முன் பல்சக்கரங்களில் ஒன்றை நீக்கினால் பழைய போல்ட் நீளம் மிஞ்சும். குட்டை போல்ட் போட வேண்டும்.

சமதரைக்கு முன்னால் 42, பின்னால் 16 பல் என்பது பரவலான கணக்கு. பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 5.5 மீட்டர் போகும். மேடு அதிகமென்றால் பின்னால் 18 பல் வைக்கலாம்.

ஃப்ரீவீலே இல்லாத, சக்கரத்தோடு பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும் ‘ஃபிக்ஸட்’ வகை வேறு. அதற்கான ஹப்பில் இடமரை போட்ட பூட்டு வளையம் உண்டு. பழைய ஃப்ரீவீல் ஹப்பில் அது கிடையாது. பின்னோக்கி அழுத்தி வேகம் குறைக்கும்போது பல்சக்கரம் மரை கழன்றுவிடக்கூடும்.