விடுபட மறுக்கும் கிளச்சு

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது உதியன்குளங்கரை. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அடுத்திருந்த விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. கடைவீதிகளும் மாநில எல்லையும் நெருங்கியுள்ள இச்சாலையில் மோட்டார் சைக்கிளை அடிக்கடி நிறுத்தியும் கிளப்பியும் செல்ல நேரிடும். அதற்குத் துணை நிற்கும் உறுப்பே கிளச்சு.

ஆதியில் தோன்றிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் கிளச்சு இல்லை. எஞ்சினிலிருந்து தோல்வார் நேரே சக்கரத்துக்குச் சென்றது. வண்டி நின்றால் எஞ்சினும் நின்றுவிடும். மீண்டும் புறப்பட, மிதித்தோ தள்ளிக்கொண்டு ஓடியோ அதை உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது. எஞ்சின் ஓட, சக்கரம் மட்டும் ஓய்ந்திருக்க வழி தேடியதன் பயனே கிளச்சு.

நம் நாட்டில் அதைப் பலரும் அறியச் செய்தது புல்லட். 1955இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை நிறுவின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. 1961இல் மைசூரில் தொடங்கிய ஐடியல் ஜாவாவின் வண்டியிலோ, கியர் மிதியை அழுத்தினாலே கிளச்சும் விடுபடும். அவ்வாலை 1996இல் மூடப்பட்டது.

பழைய புல்லட்டின் கிளச்சில் தட்டுகள் பல, ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டு எண்ணெயில் இயங்குகின்றன. ஒரு வரிசை எஞ்சினோடும் மறு வரிசை கியர்ப்பெட்டியோடும் சுழலும். ஸ்பிரிங்குகள் அவற்றை இறுக்குகின்றன. கைப்பிடியை இழுத்தால் ஓர் உந்துகோல் அவற்றைத் தளர்த்துகிறது. தட்டுகள் முற்றும் பிரியாவிடில், கைப்பிடியை இழுத்திருந்தும் வண்டி முன்னே ஊரும். கியர் மாற்றுகையில் நறநறவென்று ஒலிக்கும். நியூட்ரல் எளிதில் அகப்படாது. கூட்டமுள்ள வீதியில் இது ஆபத்து.

இக்குறை கண்டவுடன் புதுத் தட்டுகள் வாங்க விரைதல் வீண் செலவாகலாம். ஆதலின் வெளியிலிருந்து உள்ளே செல்வதே முறை. முதலில் கேபிளை நோக்குவோம். அது மிகத் தளர்ந்திருந்தால் உந்துகோல் போதிய தூரம் நகராது. கைப்பிடியில் சிறிதளவு தளர்ச்சியே இருத்தல் வேண்டும். இழை அறுந்திருப்பின் கேபிளை மாற்றுக. அடுத்து, கியர்ப்பெட்டிப் பக்கத்துத் திருத்துதிருகைச் சரிபார்க்கலாம். பலநாள் நின்ற வண்டியில் தட்டுகள் எண்ணெயால் ஒட்டிக்கொள்வதுண்டு. எஞ்சினை அணைத்து, கைப்பிடியை இழுத்தபடி கிக்கரைச் சிலமுறை மிதித்தால் அவை பிரியும். எண்ணெய் அளவுக்கு மீறித் தடித்ததாயினும் இதே தொல்லை நேரும்.

இவை யாவும் சரியாயிருந்தும் குறை நீங்காவிடில்தான் மூடியைத் திறத்தல் தகும். ஸ்பிரிங்குகளின் இறுக்கம் ஒவ்வொன்றாக வேறுபட்டால் அழுத்தத்தட்டு சாய்ந்து எழும். எஃகுத் தட்டு வளைந்திருக்கலாம். தட்டுகளின் பற்கள் உராய்ந்து டிரம்மின் விளிம்பில் பள்ளங்கள் விழுந்திருக்கலாம். இவற்றைப் பழுது பார்க்காமல் வண்டியை ஓட்டினால் கியர்ப்பற்களும் தேயும்.

கேபிள் முனையில் தொடங்கும் தளர்ச்சியை முதலில் கண்டுகொள்பவர், பெருஞ்செலவையும் வழியில் நேரும் விபத்தையும் ஒருங்கே தவிர்க்கிறார்.