நிறைவேற்றுத் தலைமையும் பொருளாதார மாற்றமும்: ஓர் ஒப்பியல் நோக்கு

1966ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், அப்போது இராஜாங்க அமைச்சராக விளங்கிய ஜே. ஆர். ஜயவர்த்தனா இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தில் உரையாற்றினார். மக்களால் நேரடியாகத் தெரிவு செய்யப்பட்டுக் குறித்த காலத்துக்குப் பதவி வகிப்பதும், சட்டமன்றத்தின் விருப்புவெறுப்புகளுக்கு ஆட்படாததுமான ஒரு நிறைவேற்றுத்துறையே வளர்முக நாட்டுக்கு ஏற்றது என்னும் கருத்தை அவர் அவ்வுரையில் முன்வைத்தார். 1971இல் அரசியல் நிர்ணய சபையில் இதனையே பிரேரணையாகக் கொண்டுவந்தபோது அது நிராகரிக்கப்பட்டது. அவருடைய கட்சித் தலைவரான டட்லி சேனநாயக்காவே அதனை எதிர்த்தார். எனினும் 1978இல் அக்கருத்து நாட்டின் அடிப்படைச் சட்டமாயிற்று.

பொருளாதார வளர்ச்சிக்கு மக்களின் உடனடி விருப்பத்துக்கு மாறான முடிவுகள் வேண்டும். அவற்றை எடுக்கப் பாராளுமன்றத்தின் தயவில் வாழாத தலைமை வேண்டும் என்பதே இவ்வாதத்தின் சாரமாகும். இதனை ஐயமின்றி ஏற்றோர் பலர். இன்றும் ஏற்போர் உளர். ஆனால் வரலாறு இதற்குச் சான்று பகர்கின்றதா என்பது ஆராயற்பாலது.

முதற்கண் இலங்கையின் கால வரிசையையே நோக்கலாம். 1977 யூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி அளிக்கப்பட்ட வாக்குகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டவற்றைப் பெற்று, 168 ஆசனங்களில் 140ஐக் கைப்பற்றியது. அவ்வாண்டு நவம்பரில் நிதியமைச்சர் றொனி டி மெல் சமர்ப்பித்த வரவுசெலவுத் திட்டமே திறந்த பொருளாதாரத்தின் தொடக்கமாகும். இரட்டை நாணயமாற்று வீதம் ஒழிக்கப்பட்டது. ரூபாவின் பெறுமதி பெரிதும் வீழ்ந்தது. பெரும்பாலான பொருள்களுக்கு இறக்குமதி அனுமதிப்பத்திரம் வேண்டாதாயிற்று. இவையாவும் நிகழ்ந்தபோது நடைமுறையில் இருந்தது 1972ஆம் ஆண்டின் யாப்பு. ஜயவர்த்தனா வகித்தது பிரதமர் பதவி. நிறைவேற்று ஜனாதிபதியாக அவர் பதவியேற்றது 1978 பெப்ரவரி 4ஆந் திகதியிலாகும். அதுவும் மக்களின் நேரடி வாக்கினாலன்று, பழைய யாப்புக்குச் செய்யப்பட்ட திருத்தமொன்றினாலேயாம். மக்கள் அப்பதவிக்கு முதன்முதலாக வாக்களித்தது 1982 ஒக்டோபரில். ஆகவே, எந்த மாற்றத்துக்காக இப்பதவி இன்றியமையாதது எனப்பட்டதோ, அம்மாற்றம் பதவி பிறக்குமுன்னரே பாராளுமன்ற முறையினாற் செய்து முடிக்கப்பட்டது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் வியப்பு மிகும். 1931 முதல் 1947 வரை நிலவிய டொனமூர் யாப்பில் பிரதமர் என்றொருவரே இல்லை. அரசாங்க சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து இயங்க, ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தெரிவு செய்தது, அவரே அமைச்சரானார். நிதியோ ஆங்கிலேயரான நிதிச் செயலாளரின் கையில் இருந்தது. இதனினும் தளர்ந்த நிறைவேற்றுத்துறையைக் கற்பனை செய்தல் அரிது. ஆயினும் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் கல்விக் குழு முன்னின்று கொணர்ந்த இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது இவ்வமைப்பின்கீழேதான்.

1978ஆம் ஆண்டின் யாப்பு பிரான்சின் ஐந்தாங் குடியரசை முன்மாதிரியாகக் கொண்டது என்பது பொதுவாகக் கூறப்படுவது. பிரான்சின் நான்காங் குடியரசு 1946 முதல் 1958 வரையான பன்னிரண்டு ஆண்டுகளில் இருபதுக்கு மேற்பட்ட அரசாங்கங்களைக் கண்டது. பாராளுமன்ற முறையின் பலவீனத்துக்கு உதாரணமாக எடுத்தாளப்படுவதும் இதுவே. ஆனால் ஜீன் மொனே வகுத்த முதலாவது நவீனமயமாக்கல் திட்டமும், ஐரோப்பியப் பொருளாதாரச் சமுதாயத்தைத் தோற்றுவித்த 1957ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கையும் இக்குடியரசின் காலத்தனவே. போருக்குப் பிந்திய பெருவளர்ச்சி தொடங்கியதும் அப்போதே. அமைச்சர்கள் மாறினும் திட்ட ஆணையகமும் அதன் அலுவலரும் மாறவில்லை என்பது இதற்கு ஒரு காரணம். நான்காங் குடியரசு வீழ்ந்தது பொருளாதாரத்தாலன்று, அல்ஜீரியப் போரினாலேயாம். அப்போரை முடித்து 1962இல் அல்ஜீரியாவின் சுதந்திரத்தை ஏற்பதற்கு டி கோலைப் போன்ற ஒருவரின் செல்வாக்குத் தேவைப்பட்டது என்பது மறுப்பதற்கில்லை. 1958 இறுதியில் நாணயத்தின் பெறுமதியைக் குறைத்துச் செலவைச் சுருக்குவதற்கும் அச்செல்வாக்கு உதவியது. எனினும் அம்முடிவு அறிவிக்கப்பட்டபோது அவரும் பிரதமராகவே பதவியில் இருந்தார்.

பிரெஞ்சு ஜனாதிபதியின் வலிமை பாராளுமன்றப் பெரும்பான்மையிற் பெரிதும் தங்கியுள்ளது. 1981இற் பதவியேற்ற மித்தெரான் 1982இல் வங்கிகளையும் பெருந்தொழில்களையும் நாட்டுடைமையாக்கினார். 1986இல் எதிரணி பெரும்பான்மை பெற்றுச் சிராக் பிரதமரானபோது, அதே ஜனாதிபதியின் கண்முன்னாலேயே தனியார்மயமாக்கல் தொடங்கியது. அதற்கான கட்டளைச்சட்டத்தில் ஒப்பமிட மித்தெரான் மறுத்தார். அரசாங்கம் அதனைச் சட்டமாகவே பாராளுமன்றத்தில் நிறைவேற்றிக் கொண்டது. பொருளாதாரக் கொள்கை சென்றது சட்டமன்றத்தின் வழியே, ஜனாதிபதியின் வழியே அன்று.

பிரான்சில் அமைச்சராவோர் பாராளுமன்ற ஆசனத்தைத் துறத்தல் வேண்டும். இலங்கையிலோ அமைச்சராவோர் பாராளுமன்ற உறுப்பினராக இருத்தல் வேண்டும். அமைச்சுப் பதவி உறுப்பினரை ஈர்க்கும் தூண்டிலாக மாறியமைக்கு இவ்வேறுபாடு வழிவகுத்தது. 2007இல் அமைச்சரவையின் தொகை ஐம்பதைத் தாண்டியது.

அயல்நாடான இந்தியாவின் அனுபவம் சுருக்கமாகவேனும் குறிப்பிடத்தக்கது. 1991இல் அந்நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதுமானதாயிருந்தது. பொன் ஈடு வைக்கப்பட்டது. நாற்பதாண்டுகாலத் திட்டமிட்ட பொருளாதாரத்தின் அனுமதிப்பத்திர முறையைத் தளர்த்திய நரசிம்ம ராவின் அரசாங்கத்துக்கு அப்போது மக்களவையில் தனிப் பெரும்பான்மையே இல்லை. யாப்பில் ஓர் எழுத்தும் மாற்றப்படாமல் இது நடந்தேறியது.

சிங்கப்பூரை எடுத்துக்காட்டுவோர் அதன் யாப்பை அரிதாகவே நோக்குவர். லீ குவான் யூ 1959 முதல் 1990 வரை ஆண்டது பிரதமராகவே. அவருடைய வலிமை 1968 முதல் 1981 வரை பாராளுமன்றத்தின் அனைத்து ஆசனங்களையும் வைத்திருந்த கட்சியிலிருந்து வந்தது. 1981 இடைத்தேர்தலில் அந்நிலையை உடைத்த ஜே. பி. ஜெயரத்தினம் யாழ்ப்பாணத்திற் பிறந்தவர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. அங்கு ஜனாதிபதியை மக்கள் தெரிவு செய்யும் முறை 1991இற் கொணரப்பட்டபோதும், முன்னைய அரசாங்கங்கள் சேமித்த நிதியை ஆட்சியிலிருப்போர் கரைத்துவிடாது தடுப்பதே அதன் பிரதான நோக்கமாயிற்று. அங்கே அப்பதவி கடிவாளம். இங்கே அது சவுக்கு.

அவ்வாறாயின் இலங்கையில் அப்பதவியின் வலிமை எதற்குப் பயன்பட்டது? 1982இல் ஆளுங்கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடப்படாத இராஜினாமாக் கடிதங்கள் பெறப்பட்டன. அவ்வாண்டு டிசெம்பர் 22ஆந் திகதி நடைபெற்ற சர்வசன வாக்கெடுப்பினால், 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுள் பொதுத்தேர்தலின்றி மேலும் ஆறாண்டு நீடிக்கப்பட்டது. நாடளாவிய முறையில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரித்தனராயினும், யாழ்ப்பாண மாவட்டத்தில் அளிக்கப்பட்ட வாக்குகளிற் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை எதிரானவை.

அவ்வெதிர்ப்புக்குக் காரணங்கள் பல. அவற்றுள் அரசியற் காரணங்களே முதன்மையானவை எனினும், பொருளாதாரக் காரணத்தையும் புறக்கணித்தல் இயலாது. 1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாடு தென்னிலங்கை நகரங்களில் வரிசைகளையும் பற்றாக்குறையையுமே தந்தது. குடாநாட்டுச் செம்மண்ணிலோ அது மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் முன்னொருபோதும் காணாத விலையைத் தந்தது. கிணற்றுநீரை நீரிறைக்கும் இயந்திரத்தால் இறைத்துச் சிறு தறைகளிற் பயிரிட்டோர் கல்வீடு கட்டினர். வேலையற்ற இளைஞர் வன்னியில் விசுவமடு, முத்தையன்கட்டு முதலாய குடியேற்றத் திட்டங்களை நாடினர். 1977 நவம்பரின்பின் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் சந்தைக்கு வந்து விலை வீழ்ந்தபோது அவர்களுடைய குரலுக்குச் செவிசாய்க்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இருக்கவில்லை. தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களுடன் பிரதான எதிர்க்கட்சியாக அமர்ந்திருந்தும், 140 பேரின் முன் அது எதனையும் தடுக்கவல்லதாயிருக்கவில்லை. தடையற்ற தலைமை என்பது, முடிவினாற் பாதிக்கப்படுவோர் பேசுதற்கு இடமற்ற தலைமையுமாகும் என்பதை அவ்விவசாயிகள் மற்றையோருக்கு முன்னரே அறிந்தனர்.

மற்றையோர் அதனை அறியப் பல்லாண்டு சென்றது. 2015ஆம் ஆண்டின் பத்தொன்பதாந் திருத்தம் ஜனாதிபதியின் அதிகாரங்களைக் குறைத்தது. 2020 ஒக்டோபரில் இருபதாந் திருத்தம் அவற்றிற் பெரும்பாலானவற்றை மீட்டளித்தது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் இரசாயன உரத்தினதும் கிருமிநாசினியினதும் இறக்குமதி வர்த்தமானி அறிவித்தலொன்றினால் தடைசெய்யப்பட்டது. கமத்தொழில் அறிஞர் பலர் எச்சரித்தும், பொலனறுவையிலும் அநுராதபுரத்திலும் கமக்காரர் வீதியில் இறங்கியும், தடை ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்தது. நவம்பர் பிற்பகுதியில் அது தளர்த்தப்பட்டபோது பெரும்போக விதைப்பு எப்போதோ தொடங்கிவிட்டிருந்தது.