வெள்ளிப் பாத்திரத்தில் இல்லாத பெயர்

பழைய வெள்ளிப் பாத்திரம் ஒன்று கைக்கு வந்ததும் சேகரிப்பாளர் முதலில் அதைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பார். அங்குள்ள முத்திரையே விலையைத் தீர்மானிக்கிறது. நாங்கள் வாழும் த பேசினிலிருந்து டண்டினோங் மலையேறினால் வரும் பழம்பொருட் கடைகளிலும், 1976இல் தொடங்கிய கேம்பர்வெல் ஞாயிறு சந்தையிலும் இதுவே வழக்கம். நடக்கும் சிங்கம் பொறித்திருந்தால் அது ஆங்கிலேய வெள்ளி. ஆயிரத்தில் 925 பங்கு தூய்மை. ஈ.பி.என்.எஸ். என்றிருந்தால் வேறு உலோகத்தின் மேல் மின்சாரத்தால் ஏற்றிய வெள்ளி முலாம். எல்கிங்டன் நிறுவனம் 1840இல் காப்புரிமை பெற்ற முறை அது.

முத்திரை எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதே இங்கு என் கேள்வி.

சேகரிப்பாளர் மத்தியில் மதிப்புப் பெற்ற 'சுவாமி வெள்ளி'யை எடுத்துக்கொள்வோம். தேநீர்க் கேத்தில், பால்குவளை, சீனிக் கிண்ணம் என வடிவமெல்லாம் ஐரோப்பிய மேசைக்குரியவை. உடலைச் சுற்றி நிற்பவையோ எங்கள் கோயிற் சிற்பங்களின் தெய்வ உருவங்கள். சென்னை மவுண்ட் றோட்டின் பி. ஓர் அன்ட் சன்ஸ் இதில் பேர்பெற்ற நிறுவனம். 1875-76இல் இந்தியாவைச் சுற்றிவந்த வேல்ஸ் இளவரசருக்குக் கிடைத்த பொருட்களில் இந்நிறுவனத்தின் வேலைப்பாடுகளும் இருந்தன. அத்தொகுதி பின்னர் லண்டனிலும், 1878இல் பாரிஸ் கண்காட்சியிலும் வைக்கப்பட்டது.

வெள்ளித் தகட்டை அரக்கில் பதித்து, பின்புறமிருந்து தட்டி உருவத்தை எழுப்பி, முன்புறம் சிற்றுளியால் கண்ணும் விரலும் செதுக்கியவர்கள் தென்னிந்தியத் தட்டார்கள். அடியில் பொறிக்கப்பட்டதோ கடையின் பெயர். நான் இன்று தொழிற்சாலையில் வேலை செய்பவன். அங்கிருந்து வெளியேறும் பெட்டிகளிலும் நிறுவனத்தின் பெயரே உண்டு. அவற்றை நிரப்பிய கைகளின் பெயர் இல்லை. காலனித்துவச் சந்தை தட்டாருக்குச் செய்ததும் இதுவே.

அதற்காக, சேகரிப்பு வெறும் பணக்காரப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் நண்பர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. 1979இன் தொடக்கத்தில் அவுன்ஸ் ஒன்று சுமார் 6 டொலருக்கு விற்ற வெள்ளி, 1980 ஜனவரியில் 50 டொலரை நெருங்கியது. அவ்வேளை உலகெங்கும் பழைய வெள்ளிப் பாத்திரங்கள் உலைக்குப் போயின. உலோகத்தின் விலைக்கு மேலாகவும் அதற்கு ஒரு மதிப்பு உண்டென்று யாராவது அறிந்திருந்த பாத்திரமே தப்பும் வாய்ப்பைப் பெற்றது.

எங்கள் பாத்திரங்களுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. பன்னீர்ச் செம்பு, சந்தனக் கும்பா, குங்குமச் சிமிழ் போன்றவை ஊர்த் தட்டார் வீட்டுத் திண்ணையில் உருவானவை. பெரும்பாலும் முத்திரை கிடையாது. மிஞ்சினால் உரிமையாளரின் முதலெழுத்து இருக்கும். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது மூட்டைகளுக்குள் இவையும் போயின. அரிசிக்கும் மருந்துக்கும் பயணச் செலவுக்கும் கைமாறின. வாங்கியவர் தராசில் நிறுத்தார், சேதாரம் கழித்தார். செய்தவரின் உழைப்புக்கு அந்தக் கணக்கில் இடமிருக்கவில்லை. பசித்தவர் விற்றதில் குற்றமில்லை.

ஆனால் மெல்பேர்ணில் இன்று எமக்குப் பசியில்லை. இங்கும் பிள்ளைகளுக்கு வரலாறு தெரியாத செம்புகள் பழைய வெள்ளி வாங்கும் கடைகளுக்கு நிறைக்குப் போகின்றன. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை'யில் கண்டியக் கைவினைஞரின் கருவிகளையும் வேலைமுறைகளையும் விரிவாகப் பதிவுசெய்தார். யாழ்ப்பாணத்துத் தட்டாரைப் பற்றி அத்தகைய பதிவு எம்மவரின் கையில் இருக்கவேண்டாமா?

எனவே ஒரு யோசனை. வைத்திருப்பதோ விற்பதோ அவரவர் விருப்பம். ஆனால் கைமாறுமுன் படமெடுத்து, எந்த ஊர்த் தட்டார் செய்தார், எந்தச் சடங்குக்கு, எவ்வழியாக இங்கு வந்தது என்று ஒரு தாளில் எழுதி, அதன் பிரதியைச் சங்கத்திடம் கொடுங்கள். பாட்டிமார் இருக்கும்போதே கேட்டு எழுதவேண்டிய விடயம் இது. தட்டாரின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் எம்மிடையே வெகுசிலரே.