ஓடுபாதையோரத்து வீடுகள்
(குடியிருப்புத் தேர்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு)

தொழில் நிகழும் இடத்தை அடுத்தே குடியமர்தல் மனித சமுதாயத்தின் பழைய வழக்கமாகும். மீனவர் கரையோரத்திலும் உழவர் வயலருகிலும் ஊர் அமைத்தனர். இருபதாம் நூற்றாண்டில் விமானிகளும் அவ்வழியைப் பின்பற்றலாயினர். ஓடுபாதையொன்றை நடுவே கொண்டு, அதனைச் சூழ வீடுகளும் வீடுதோறும் விமானக் கொட்டகையும் அமைந்த குடியிருப்புகள் அமெரிக்க ஐக்கிய நாட்டில் தோன்றிப் பெருகின. இன்று அந்நாட்டில் இத்தகைய குடியிருப்புகள் 600க்கு மேல் உள்ளன. இவை தோன்றியமைக்கான காரணங்கள் யாவை, விமானியொருவர் இவற்றை நாடுவது ஏன், நம் நாட்டில் இவை உருவாகாதது ஏன் என்பனவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

இவற்றின் தோற்றத்தை ஆராயுமிடத்து, இரண்டாம் உலகப் போரே அதன் முதற் காரணம் என்பது புலனாகும். 1939 இல் அந்நாட்டில் உரிமம் பெற்ற விமானிகள் ஏறத்தாழ 34,000 பேரே. 1946 இல் அத்தொகை 4 இலட்சத்தைத் தாண்டியது. போர் முடிந்ததும் பயிற்சி நிலையங்கள் பல தேவையற்றுப் போயின. சிறு விமானங்கள் சந்தைக்கு வந்தன. நிலமோ பரந்து கிடந்தது. இச்சூழ்நிலையிலேயே 1946 இல் கலிபோர்னியா மாநிலத்துப் பிரெஸ்னோ நகரில் சியரா ஸ்கை பார்க் என்னும் குடியிருப்பு நிறுவப்பட்டது. திட்டமிட்டு அமைக்கப்பட்ட முதல் விமானக் குடியிருப்பு இதுவே என்பர். புளோரிடாவிலுள்ள ஸ்புரூஸ் கிரீக், போர்க்காலத்தில் கடற்படை அமைத்த துணை விமானத் தளமொன்றின் மீது எழுந்தது. அது 1970களில் குடியிருப்பாக வளர்ந்து, இன்று ஏறத்தாழ 1,300 வீடுகளையும் 4,000 அடி நீள ஓடுபாதையையும் கொண்டு விளங்குகிறது.

இங்குக் குடியேறும் விமானி பெறும் நன்மைகள் பல. பொது விமான நிலையத்துக்குச் செல்லும் நேரமும் கொட்டகை வாடகையும் மிஞ்சுகின்றன. விமானம் எப்போதும் கண்ணெதிரே இருப்பதால் அதனைப் பேணுதல் எளிதாகிறது. கருவி பழுதுற்றால் கைகொடுக்கவும், வானிலை ஐயத்துக்குரியதாயின் தடுத்துரைக்கவும் அனுபவம் மிக்க அயலவர் உளர். வீதிகளும் இதற்கேற்பவே அமைந்துள்ளன. கலிபோர்னியாவின் கேமரன் ஏர்பார்க் குடியிருப்பில் 100 அடி அகலமான வீதிகளில் விமானங்களும் கார்களும் செல்கின்றன. இறக்கை தட்டாவண்ணம் வீதிப் பலகைகளும் அஞ்சற் பெட்டிகளும் தாழ்வாக நாட்டப்பட்டுள்ளன.

எனினும் இவ்வாழ்க்கை தனிமனித விருப்பம் ஒன்றினால் மட்டும் நடைபெறுவதன்று. ஓடுபாதை பெரும்பாலும் வீட்டுரிமையாளர் சங்கத்தின் பொதுச் சொத்தாகும். அதனைச் செப்பனிடப் பணம் செலுத்துதலும், இரவுப் பறப்புப் போன்றவற்றில் சங்கத்தின் விதிகளுக்கு இணங்குதலும் உறுப்பினர் கடமைகள். விமானிகள் மூப்பெய்தி, பறவாதார் அவ்வீடுகளை வாங்கத் தொடங்கின், பொதுப்பாதை இரைச்சலுக்கும் வீண்செலவுக்கும் காரணமாகத் தோன்றத் தொடங்கும். எனவே நிலவுரிமை, கூட்டொழுங்கு, அவற்றைக் காக்கும் சட்டம் ஆகிய மூன்றுமே இக்குடியிருப்பின் அத்திவாரம் எனலாம்.

அதே உலகப் போர் இலங்கையிலும் ஓடுபாதைகளை விட்டுச்சென்றது. 1935 இல் இரத்மலானையில் முதல் விமானம் வந்திறங்கியது. அது சென்னையிலிருந்து வந்ததாகும். போர்க்காலத்தில் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலும் விமானத் தளமாயிற்று. மாத்தளை மாவட்டத்துச் சிகிரியாவில் பிரித்தானிய விமானப் படை அமைத்த தளம் இன்று இலங்கை விமானப் படையின் பொறுப்பில் உள்ளது. பொதுவாக இங்கு ஓடுபாதைகள் அரசிடமே நிலைத்தன. சொந்த விமானம் வைத்திருந்தோரோ மிகச் சிலர். பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924–2010) போன்று, தாமே வடிவமைத்த சிறு விமானங்களில் பறந்தோர்க்கும் வாயிலில் ஓடுபாதையுள்ள குடியிருப்பொன்று இந்நாட்டில் வாய்க்கவில்லை. உரிமையாளர் கூட்டம் இல்லாதவிடத்து அத்தகைய ஊரும் தோன்றாது என்பது வெளிப்படை.

இவ்விடத்து, தொழிலிடமே உறைவிடமாதல் எப்போதும் விருப்பத்தின் விளைவுதானா என்ற வினா எழுகின்றது. மாத்தளைக்கு வடக்கே பலாபத்வலையில் நின்று, தம்புள்ளையிலிருந்து வரும் பெருவீதியை நோக்குவார்க்கு இவ்வினா எளிதில் அகலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்நாட்டுத் தொழிலாளர், வடபாதை வழியாக நடந்தே மாத்தளையை அடைந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். எஞ்சியோரும் தொழிலிடத்திலேயே குடியமர்ந்தனர். ஆனால் லயன் அறை தோட்டத்துக்குரியது. வேலை போயின் கூரையும் போகும். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியபின், வேறிடம் தேர்ந்து குடியேறுதல் மேலும் அரிதாயிற்று. அண்மைக் காலத்தில் 7 பேர்ச்சஸ் காணியுடன் தனிவீடு வழங்கும் திட்டங்கள் தொடங்கப்பட்டபோதும், லயன்களில் வாழ்வோர் இன்னும் பலராவர்.

விமானியின் வீடும் தொழிலாளியின் லயனும் ஒன்றெனக் கூறுவது நம் கருத்தன்று. இரண்டிலும் தொழிலிடமும் உறைவிடமும் அடுத்தடுத்தே உள்ளன. ஆயினும் அமெரிக்க விமானி தான் குடியிருக்கும் மண்ணுக்கு உரியவன். பொதுப்பாதையைப் பற்றிய முடிவில் வாக்களிப்பவன். விரும்பாதபோது விற்று நீங்க வல்லவன். உரிமை, வாக்கு, நீங்கும் சுதந்திரம் என்னும் இம்மூன்றும் இருக்கும்போதே ஓரிடத்தில் வாழ்தல் தேர்வாகின்றது. இவை இல்லாதபோது அது விதிக்கப்பட்ட இருப்பேயாகும். விமானக் குடியிருப்பின் வரலாறு வசதி படைத்தோரின் வரலாறே; எனினும் நம் மலைநாட்டின் வீட்டுரிமைச் சிக்கலை அளந்தறிய ஓர் அளவுகோலை அது தருகின்றது. அவ்வளவுகோலைக் கையிலெடுத்து நம் அயலை ஆராய்தல் வரலாறு பயில்வோர் கடனாகும்.