சுண்டெலி என்னும் அளவுகருவி

வெப்பத்தை அளக்க வெப்பமானி இருக்கிறது. மின்னோட்டத்தை அளக்க அம்மீட்டர் இருக்கிறது. இன்னதென்றே தெரியாத ஒரு நஞ்சை எதைக் கொண்டு அளப்பீர்கள்?

1927ஆம் ஆண்டு அமெரிக்காவில் சான்ஃபிரான்சிஸ்கோ பகுதியில் இக்கேள்வி எழுந்தது. கடற்பாறைகளில் ஒட்டி வளரும் மஸ்ஸல் என்ற சிப்பியை உண்ட 102 பேர் நோயுற்றனர். 6 பேர் மாண்டனர். இந்நோயில் முதலில் உதடு மரத்துப்போகும், பிறகு விரல்கள். முற்றினால் மூச்சுத் தசைகளே செயலற்றுவிடும். சிப்பி கெட்டுப்போனதன்று. வேகவைத்தாலும் அந்நஞ்சு அழிவதில்லை.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் சோமரும் கார்ல் மேயரும் இதை ஆராய்ந்தனர். கடல்நீரை வடிகட்டி உண்ணும் சிப்பியின் உடலில், நீரில் மிதக்கும் ஒருசெல் உயிரி ஒன்றின் நஞ்சு சேர்கிறது என்று 1937இல் வெளியிட்டனர். அளப்பதற்கு அவர்களுக்கு உதவியது சுண்டெலி. சிப்பிச் சாற்றை எலியின் வயிற்றுக்குள் ஊசியால் செலுத்தி, அது இறக்கும் நேரத்தைக் குறித்தார்கள். 20 கிராம் எடையுள்ள எலியை 15 நிமிடத்தில் கொல்லும் நஞ்சு ஓர் 'எலி அலகு'.

இயற்பியல் மாணவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் சாக்ஸிடாக்சின் என்ற அந்நஞ்சு தூய நிலையில் கிடைத்தபின், ஓர் எலி அலகு ஏறத்தாழ 0.2 மைக்ரோகிராம் என்று கணக்கிட முடிந்தது. 100 கிராம் சிப்பி இறைச்சியில் 400 அலகு என்ற வரம்பு 80 மைக்ரோகிராம் ஆயிற்று. பல நாடுகளின் சட்டத்தில் இன்றும் நிற்பது இந்த எண்தான். மீறினால் அக்கடற்பகுதியில் சிப்பி எடுக்கத் தடை.

1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பியை உண்ட நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். சிலருக்கு நினைவே தப்பியது, சிலர் மாண்டனர். சோதனையில் எலிகள் வழக்கம்போல் இறக்கவில்லை. பின்னங்காலால் தோளைச் சொறிந்தன. இது வேறு நஞ்சு என்பதற்கு அதுவே தடயம். ஹாலிஃபாக்ஸ் வேதியியலார் சில நாள்களிலேயே அதை டொமோயிக் அமிலம் என்று கண்டறிந்தனர். ஜப்பானில் குடற்புழு மருந்தாகப் பயன்பட்ட கடற்பாசி ஒன்றில் முன்பே காணப்பட்ட பொருள்தான் அது! கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற வரம்பு பிறந்தது.

எலியை வதைக்காமல் கருவிகளால் அளப்பது நல்லதே. ஆயினும் கருவி, தேடச் சொன்ன பொருளை மட்டுமே தேடும். டொமோயிக் அமிலத்தைத் தேடும்படி 1987க்கு முன் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கொழுப்பில் கரையும் சிப்பி நஞ்சுகளுக்கு எலிச் சோதனையை விலக்கி 2011இல் விதி செய்த ஐரோப்பிய ஒன்றியமும் ஒரு விலக்கு அளித்தது: அறியப்படாத புதிய நஞ்சு உண்டா என்று அவ்வப்போது கண்காணிக்க மட்டும் எலியைப் பயன்படுத்தலாம்.